ஒலியலையால் நீரிலுள்ள ஒட்டுண்ணிகளைப் பிரித்தெடுத்தல்: முழுமையான வழிகாட்டி

நீர் மாதிரியில் கலந்திருக்கும் ஜியார்டியா, கிரிப்டோஸ்போரிடியம் ஆகிய ஒட்டுண்ணிகளின் உறையுற்ற வடிவங்களை (முன்னதன் வடிவம் சிஸ்ட், பின்னதன் வடிவம் ஊசிஸ்ட்; சுருக்கமாக இரண்டையும் சிஸ்டுகள் என்பேன்), தலைமுடியைவிடச் சில மடங்கே அகலமான ஒரு நுண்கால்வாயில் 2 மெகாஹெர்ட்ஸ் ஒலியைச் செலுத்திப் பாக்டீரியாவிடமிருந்து பிரிக்கும் வேலையை இந்த வழிகாட்டி வரிசைப்படி விளக்குகிறது. சிங்கப்பூரில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்குப் பயிற்சிக்கு வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் முதலாண்டு ஆய்வு மாணவர்களும் இடறும் இடங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதே இல்லை. ஆகவே அந்த இடங்களில் நின்று நிதானமாகவும், மற்ற இடங்களில் விரைவாகவும் செல்கிறேன்.

1. முதலில் கணக்கு, பிறகு கருவி

நீர் நிறைந்த கால்வாயின் அகலம் ஒலியின் அரை அலைநீளத்துக்குச் சமமாக இருந்தால், இரு சுவர்களுக்கிடையே நிலை அலை உருவாகிறது. 25 டிகிரி செல்சியஸில் தூய நீரில் ஒலியின் வேகம் நொடிக்கு 1497 மீட்டர். எனவே 375 மைக்ரோமீட்டர் அகலமுள்ள கால்வாய்க்கு ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் பொருந்தும். அப்போது அழுத்தக் கணு (ஒலியழுத்தம் ஏறி இறங்காத இடம்) கால்வாயின் நடுவிலும் எதிர்க்கணுக்கள் (அது மிகுதியாக ஏறி இறங்கும் இடங்கள்) சுவர்களிலும் அமைகின்றன. நீரைவிட அடர்த்தி மிகுந்த, எளிதில் அமுங்காத துகள்கள் நடுவுக்குத் தள்ளப்படுகின்றன. கொழுப்புத் துளிகள் பெரும்பாலும் சுவர்ப்பக்கம் போய்விடுகின்றன.

ஒலி தரும் விசை துகளின் ஆரத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. நீரின் பாகுத்தன்மை தரும் தடையோ ஆரத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே கூடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், துகள் நடுவை நோக்கி நகரும் வேகம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைகிறது. ஒரே பொருளாலான நுண்ணிய உருண்டைகளை, அதாவது மணிகளை, எடுத்துக்கொண்டால், 10 மைக்ரோமீட்டர் மணி, 5 மைக்ரோமீட்டர் மணியைவிட நான்கு மடங்கு வேகமாக நகரும்.

இந்த ஒரு வரியைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒலி எந்தத் துகளையும் ஒதுக்கிவைப்பதில்லை. போதிய நேரம் கொடுத்தால் பெரியதும் சிறியதும் நடுவுக்கே வந்துசேரும். நாம் செய்வதெல்லாம் ஓட்டப்பந்தயம் ஒன்றை நடத்தி, வேகமானவை இலக்கை எட்டியதும் மெதுவானவை எட்டுவதற்குள் அதை நிறுத்துவதுதான். கீழே வரும் படிகள் எல்லாமே இந்த நிறுத்தும் கணத்தைச் சரியாகப் பிடிப்பதற்காகவே இந்த வரிசையில் வைக்கப்பட்டுள்ளன.

2. தேவையானவை

சில்லு: சிலிக்கானில் அரித்தெடுத்த, 375 மைக்ரோமீட்டர் அகலமும் 150 மைக்ரோமீட்டர் ஆழமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட, போரோசிலிகேட் கண்ணாடி மூடியிட்ட கால்வாய். இரு பக்கங்களுக்கும் நடுவுக்கும் தனித்தனி உள்வாய்களும் வெளிவாய்களும் வேண்டும். மென்மையான சிலிக்கோன் ரப்பரில் வார்த்த சில்லு மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அதை இந்த முறைக்குப் பயன்படுத்த வேண்டாம். அதன் ஒலித்தடை (அடர்த்தியை ஒலியின் வேகத்தால் பெருக்கிய அளவு) நீரின் ஒலித்தடையை நெருங்கியிருப்பதால் அலை சுவரில் எதிரொலிக்காமல் உள்ளே புகுந்து வெப்பமாகக் கரைந்துவிடும்.

ஒலி: மின்னழுத்தம் கொடுத்தால் அதிர்ந்து ஒலி எழுப்பும், 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள பீசோ தகடு, வேண்டிய அதிர்வெண்ணில் மின்னலையைத் தரும் ஃபங்ஷன் ஜெனரேட்டர், மின்பெருக்கி, மின்னழுத்தத்தைக் காட்டும் ஆஸிலோஸ்கோப். மின்வடங்கள், இணைப்பிகள், வெப்பம் கடத்தும் பசை, சிறு விசிறி போன்றவற்றுக்கு இணையத்தில் ஆணையிட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவரில் ஒரு பிற்பகலில் வாங்கிவிடலாம்.

மற்றவை: ஒளிரும் வகையைக் காணக்கூடிய நுண்ணோக்கி, மூன்று சிரிஞ்சு பம்புகள், வெப்பநிலை உணரி, வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் அலுமினியத் தாங்கி, 1, 5, 10 மைக்ரோமீட்டர் அளவுகளில் ஒளிரும் பாலிஸ்டைரீன் மணிகள், எண்ணுவதற்கான நியூபவர் தகடு.

3. அனுமதியும் கழிவு ஏற்பாடும்

இந்தப் படியைக் கடைசிக்குத் தள்ளிப்போடுபவர்களே அதிகம். ஒட்டுண்ணி கையில் கிடைத்த பிறகு நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவிடம் விண்ணப்பித்தால், சில்லு தயாராக இருந்தும் வாரக்கணக்கில் காத்திருக்க நேரிடும். மணிகளோடு பழகும் காலத்திலேயே விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.

எங்கிருந்து பெற்றாலும் செயலிழக்கச் செய்யப்பட்ட மாதிரிகளிலிருந்தே தொடங்குங்கள். கழிவைப் பற்றி ஓர் எச்சரிக்கை: கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்கும் கையில் தேய்க்கும் ஆல்கஹாலுக்கும் எளிதில் மசிவதில்லை. வழக்கம்போல் கழிவுக்குடுவையில் பிளீச்சை ஊற்றிவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டதென நினைக்கக் கூடாது. வெளிவாய்த் திரவம் முழுவதையும் ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) 121 டிகிரியில் வேகவைத்த பிறகே வெளியேற்ற வேண்டும். கைகளைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவுங்கள்.

4. பீசோவை ஒட்டுதல்

பீசோவுக்கும் சிலிக்கானுக்கும் இடையிலுள்ள பசை மெல்லியதாகவும் சீராகவும் இருக்க வேண்டும். பசையில் சிக்கும் காற்றுக்குமிழி ஒலியைத் தடுப்பதோடு அந்த இடத்தைச் சூடாக்கவும் செய்யும். ஒரு துளி எபாக்சியை நடுவில் வைத்து, தகட்டை மெதுவாகத் தாழ்த்தி, மேலே சமமான எடையொன்றை வைத்து இறுகவிடுங்கள்.

கம்பியைப் பற்றவைக்கும்போது இரண்டு நொடிக்குமேல் சூட்டுக்கோலை வைத்திருக்கக் கூடாது. பீசோவை மிகையாகச் சூடாக்கினால் அது தன் முனைவாக்கத்தை இழந்துவிடும். பார்ப்பதற்கு எந்த மாற்றமும் தெரியாது, ஆனால் ஒலி வராது. தகட்டில் ஈயம் கலந்திருப்பதால் அதை உரசிச் சுத்தப்படுத்தும் பழக்கமும் வேண்டாம்.

5. கால்வாயை நனைத்தல்

உலர்ந்த கால்வாயில் நேரடியாக நீரைச் செலுத்தினால் மூலைகளில் குமிழிகள் தங்கிவிடும். 70 விழுக்காடு எத்தனாலை முதலில் மெதுவாகச் செலுத்துங்கள்; அதன் பரப்பு இழுவிசை குறைவாதலால் மூலைகள் வரை நனைத்துவிடும். அதன்பின் காற்று நீக்கிய நீரால் நன்றாகக் கழுவுங்கள். நீரை வெற்றிடக் கலத்தில் அரை மணி நேரம் வைத்தாலே பெரும்பாலும் போதும்.

ஒரே ஒரு குமிழி இருந்தாலும் அது ஒலி ஆற்றலைத் தன்பக்கம் இழுத்து, தன்னைச் சுற்றிச் சுழல்களை உண்டாக்கும். நுண்ணோக்கியில் மணிகள் வட்டமடிப்பதைக் கண்டால் அதிர்வெண்ணைத் திருகாதீர்கள், குமிழியைத் தேடுங்கள். பெரும்பாலும் அது குழாய் இணைப்புக்கு அடுத்த மில்லிமீட்டரில் ஒளிந்திருக்கும்.

எல்லாத் திரவங்களிலும் 0.05 விழுக்காடு அளவில் ட்வீன் 20 என்னும் மென்மையான சலவைப்பொருளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் மணிகளும் சிஸ்டுகளும் சுவரிலும் ஒன்றோடொன்றும் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட இரண்டு சிறிய துகள்களை ஒலி ஒரு பெரிய துகளாகவே நடத்தும்.

6. அதிர்வெண்ணைத் தேடுதல்

கணக்கு 2 மெகாஹெர்ட்ஸ் என்று சொன்னதால் கருவியில் 2.000 என்று அழுத்திவிட்டு ஒன்றும் நடக்கவில்லை என்று வந்து நிற்பவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். கால்வாய் துல்லியமாக 375 மைக்ரோமீட்டராக இருப்பதில்லை. சிலிக்கானும் கண்ணாடியும் சேர்ந்து அதிர்வதால் ஒத்ததிர்வு அங்குமிங்கும் நகர்ந்திருக்கும். எனவே அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

10 மைக்ரோமீட்டர் மணிகளை நிமிடத்துக்கு 50 மைக்ரோலிட்டர் வீதம் எல்லா உள்வாய்களிலும் ஒரே கலவையாகச் செலுத்துங்கள். கால்வாயின் கொள்ளளவு சுமார் 1.7 மைக்ரோலிட்டர் ஆகையால் ஒவ்வொரு மணியும் ஏறத்தாழ இரண்டு நொடிகள் ஒலிக்குள் இருக்கும். நுண்ணோக்கியைக் கால்வாயின் கடைசிப் பகுதியில், வெளிவாய்ப் பிரிவுக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். மின்னழுத்தத்தைக் குறைவாக வைத்து, 1.90 முதல் 2.10 மெகாஹெர்ட்ஸ் வரை 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் நகர்ந்து, ஒவ்வோர் இடத்திலும் மணிப்பட்டையின் அகலத்தைப் படமெடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். பட்டை மிகவும் ஒடுங்கும் இடத்தைச் சுற்றி 1 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் மீண்டும் தேடுங்கள்.

மின்னழுத்தத்தைக் குறைவாக வைக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அதைக் கூட்டிவைத்துத் தேடினால் அகன்ற ஒரு வரம்பு முழுவதும் மணிகள் நடுவில் குவிந்தே தெரியும். உண்மையான உச்சி எங்கே என்பது தெரியாது. மணிகள் பாதியளவே குவியும் நிலையில்தான் நல்ல அதிர்வெண்ணுக்கும் சுமாரானதற்கும் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படும்.

இரண்டு பிழைகள் இங்கே அடிக்கடி நிகழ்கின்றன. பீசோவின் மின்தடை எங்கே குறைகிறது என்று அளந்து, அதையே கால்வாயின் ஒத்ததிர்வாக எடுத்துக்கொள்வது முதலாவது. அது பீசோவைப் பற்றிய செய்தி, கால்வாயைப் பற்றியதன்று. தூய நீரில் அதிர்வெண்ணைக் கண்டுபிடித்துவிட்டு உப்புக்கரைசலில் மாதிரியை ஓட்டுவது இரண்டாவது. 0.9 விழுக்காடு உப்பு ஒலியின் வேகத்தை நொடிக்குச் சுமார் 10 மீட்டர் கூட்டுகிறது; இந்தக் கால்வாயில் அது பத்துக் கிலோஹெர்ட்ஸுக்கும் மேற்பட்ட நகர்வு. ஆகவே ஒட்டுண்ணி எந்தத் திரவத்தில் வரப்போகிறதோ, அதே திரவத்தில்தான் மணிகளைக் கொண்டு அதிர்வெண்ணைத் தேட வேண்டும்.

ஒவ்வொரு படத்தோடும் பீசோவின் முனைகளில் ஆஸிலோஸ்கோப் காட்டும் மின்னழுத்தத்தையும் எழுதிவையுங்கள். மின்பெருக்கி தருவதாகச் சொல்லும் அளவும் பீசோ உண்மையில் பெறும் அளவும் ஒத்ததிர்வுக்கு அருகில் வேறுபடும்.

7. வெப்பநிலையைப் பிடித்துவைத்தல்

நீரின் வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் ஒத்ததிர்வு அதிர்வெண் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் நகரும். இரண்டு மூன்று டிகிரி மாறினாலே காலையில் கண்டுபிடித்த உச்சி கைநழுவிப்போகும். பீசோ தானாகவே சூடாகும் என்பதோடு, நம் ஊரில் குளிர்சாதனமும் சேர்ந்துகொள்கிறது.

ஒருமுறை மாணவி ஒருவர் மூன்று நாள்கள் தொடர்ந்து, உணவு இடைவேளைக்குப் பிறகு மட்டும் மணிகள் குவியவில்லை என்று முறையிட்டார். காலையில் அறை குளிர்ந்துகொண்டிருக்கும்போதே அவர் அதிர்வெண்ணைத் தேடியிருந்தார். இடைவேளையில் ஒலியை நிறுத்தாமல் போனதால் சில்லு சூடேறியிருந்தது. உணரியைச் சில்லின்மீதே ஒட்டியிருந்தால் மூன்று நாள்கள் வீணாகியிருக்கா.

அலுமினியத் தாங்கியை 28 டிகிரியில் நிலைநிறுத்துங்கள். அறையைவிடச் சற்றே உயர்ந்த வெப்பநிலையைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் இங்குள்ள ஈரப்பதம்: சில்லை 15 டிகிரிக்குக் குளிரவைத்தால் கண்ணாடி மூடியில் பனி படிந்து நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியாது, மின்இணைப்பிலும் ஈரம் ஏறும். ஒலியை இயக்கிப் பத்து நிமிடங்கள் கழித்து, வெப்பநிலை நிலைபெற்ற பிறகே அளவெடுக்கத் தொடங்குங்கள்.

8. ஓட்டங்களை அமைத்தல்

இப்போது கலவையை இரு பக்கங்களில் மட்டும் செலுத்தி, நடுவில் துகளற்ற திரவத்தை ஓடவிட வேண்டும். தொடக்கத்துக்கு நான் வைக்கும் அளவுகள்: இரு பக்கங்களுக்கும் சேர்த்து நிமிடத்துக்கு 15 மைக்ரோலிட்டர், நடுவில் 35; வெளியேறும்போது நடு வெளிவாயில் 20, பக்க வெளிவாய்களில் சேர்த்து 30. நடுவில் நுழைவதைவிடக் குறைவாக நடுவில் எடுப்பதால், மாதிரிக்கும் இலக்குக்கும் இடையே தூய திரவத்தாலான காப்பு இடைவெளி ஒன்று கிடைக்கிறது. பந்தயத்தில் ஓடவேண்டிய தூரம் அதுவே.

அனுபவமுள்ளவர்களையும் ஏமாற்றும் பொறி ஒன்று இங்கே இருக்கிறது. பக்கத்தில் உப்புக்கரைசலும் நடுவில் தூய நீரும் ஓடினால், ஒலியை இயக்கியவுடன் திரவங்களே இடம் மாறிக்கொள்ளும். ஒலித்தடை மிகுந்த திரவம் நடுவுக்கு வந்துவிடும். அதனோடு பாக்டீரியா, தூசி எல்லாமே நடு வெளிவாயில் கொட்டும். பார்ப்பவர் பிரிப்பு மிக நன்றாக நடப்பதாக மகிழ்ந்துபோவார். ஏனெனில் எல்லாமே நடுவில்தான் இருக்கும். இதைத் தவிர்க்க, நடுவில் ஓடும் திரவம் மாதிரியின் திரவமாகவே இருக்கட்டும், அல்லது அதைவிடச் சற்றே அடர்த்தியாக இருக்கட்டும். சந்தேகம் வந்தால் மாதிரியில் துகளுக்குப் பதிலாக ஒரு துளி ஒளிரும் சாயத்தைக் கலந்து ஓட்டிப் பாருங்கள். சாயம் பக்கங்களிலேயே நின்றால் ஓட்டம் சரி.

சிரிஞ்சுக்குள் துகள்கள் படிவதையும் மறக்க வேண்டாம். 10 மைக்ரோமீட்டர் பாலிஸ்டைரீன் மணி நீரில் நொடிக்குச் சுமார் 3 மைக்ரோமீட்டர் கீழிறங்கும்; ஒரு மணி நேரத்தில் ஒரு சென்டிமீட்டர் இறங்கிவிடும். சிரிஞ்சுக்குள் சிறு காந்தக் கலக்கியைப் போட்டுவையுங்கள்.

9. பந்தயத்தை நிறுத்தும் இடம்

வேலை சரிவராதபோது புதியவர்களின் கை தானாகவே மின்னழுத்தத்தைக் கூட்டும் திருகுக்குப் போகிறது. ஒலியின் ஆற்றல் அடர்த்தி மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், மின்னழுத்தத்தை இரட்டித்தால் துகளின் வேகம் நான்கு மடங்காகும். 10 மைக்ரோமீட்டர் மணிக்கும் 5 மைக்ரோமீட்டர் மணிக்கும் இடையே இருந்த வேறுபாடும் அதே நான்கு மடங்குதான். அதாவது, முன்பு பெரிய மணி செய்ததை இப்போது சிறிய மணி செய்யும். இரண்டும் நடுவில் சேர்ந்துவிடும். கூட்டுவதால் ஒலி வலுக்கிறது, பிரிப்பு கெடுகிறது.

சரியான வழி இது. ஓட்டத்தை மாற்றாமல் வைத்து, மின்னழுத்தத்தைச் சுழியத்திலிருந்து ஒவ்வொரு வோல்ட்டாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் ஒவ்வொரு வகை மணியிலும் எத்தனை விழுக்காடு நடு வெளிவாய்க்கு வருகிறது என்று எண்ணி வரைபடமாக்குங்கள். ஒவ்வொரு வகைக்கும் மெல்ல ஏறி மேலே சமன்படும் ஒரு வளைகோடு கிடைக்கும். பெரியதன் கோடு உச்சியை எட்டியும் சிறியதன் கோடு இன்னும் ஏறத் தொடங்காமலும் இருக்கும் மின்னழுத்தமே உங்களுடையது. சுழியத்தில் எடுத்த அளவு மிக முக்கியம்: ஒலியே இல்லாமல் துகள்கள் நடுவில் வந்தால் கோளாறு ஓட்டத்தில் இருக்கிறது.

என்ன பிரிக்கப்போகிறோம் என்பதைப் பொறுத்து மணிகளைத் தேர்ந்தெடுங்கள். ஜியார்டியா சிஸ்ட் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் நீளமும், கிரிப்டோஸ்போரிடியம் ஊசிஸ்ட் 4 முதல் 6 மைக்ரோமீட்டர் விட்டமும் கொண்டவை. இரண்டையும் பாக்டீரியாவிடமிருந்து பிரிக்க 5, 1 மைக்ரோமீட்டர் மணிகள் போதும். வேகம் 25 மடங்கு வேறுபடுவதால் இது எளிது. ஜியார்டியாவைக் கிரிப்டோஸ்போரிடியத்திலிருந்தே பிரிக்க வேண்டுமானால் 10, 5 மைக்ரோமீட்டர் மணிகளோடு பொறுமையும் வேண்டும்.

1 மைக்ரோமீட்டர் மணிகள் கணக்குப்படி நடக்காமல் சுழன்றுகொண்டே நடுப்பக்கம் கசிவதைக் காண்பீர்கள். 2 மெகாஹெர்ட்ஸில், ஏறக்குறைய 2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்த துகள்களை ஒலி விசையைவிட, ஒலியால் நீரில் எழும் சுழலோட்டமே அதிகமாக இழுத்துச் செல்லும். ஓட்டத்தை விரைவுபடுத்தி, அவை கால்வாயில் இருக்கும் நேரத்தைக் குறைத்தால் கசிவு குறையும்.

10. ஈஸ்ட்டோடு ஓர் ஒத்திகை

மணிகளிலிருந்து நேரே ஒட்டுண்ணிக்குத் தாவ வேண்டாம். முஸ்தஃபா பேரங்காடியில் கிடைக்கும் ரொட்டி ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, வடிகட்டி, மாதிரித் திரவத்தில் மிதக்கவிட்டு ஓட்டுங்கள். ஈஸ்ட் உயிருள்ளது, முட்டை வடிவானது, ஒட்டுண்ணியின் அளவை நெருங்கியது. உயிரணுக்களின் அடர்த்தியும் அமுங்குதன்மையும் நீருக்கு நெருக்கமாக இருப்பதால், அதே அளவுள்ள பாலிஸ்டைரீனைவிட அவை பெரும்பாலும் மெதுவாகவே நகரும். எனவே 9ஆம் படியில் வரைந்த கோடு வலப்பக்கம் நகரும். எவ்வளவு நகர்கிறது என்பதை ஒட்டுண்ணியை வீணாக்காமல் இங்கேயே கற்றுக்கொள்ளலாம். மொட்டுவிட்ட ஈஸ்ட் பெரிய துகளாக ஓடுவதால் புதிதாகக் கரைத்ததையே எடுங்கள்.

11. ஒட்டுண்ணி மாதிரி

நீரை வடிகட்டியில் செறிவாக்கிக் கழுவி எடுத்த திரவத்தை முதலில் 40 மைக்ரோமீட்டர் வலையில் வடிகட்டுங்கள். ஒரு நூலிழை போதும், வெளிவாயை அடைத்துவிடும். அந்தத் திரவத்திலேயே 5 மைக்ரோமீட்டர் மணிகளைச் சிறிதளவு கலந்து அதிர்வெண்ணை மீண்டும் சரிபாருங்கள். பிறகு வேறொரு நிறத்தில் ஒளிரும் எதிர்ப்பொருளால் சாயமிட்ட, செயலிழந்த சிஸ்டுகளைச் சேருங்கள்.

துகள்களின் செறிவைக் குறைவாகவே வைத்திருங்கள். நெருக்கமாக வரும் துகள்கள் நீரையும் சேர்த்து இழுப்பதால் சிறியவை பெரியவற்றின் பின்னால் நடுவுக்கு வந்துவிடும். கலங்கலான குளத்துநீரைப் பத்து மடங்கு நீர்த்துக்கொள்வது மெதுவான வேலைதான், ஆயினும் இரண்டுமுறை ஓட்டுவதைவிட விரைவானது.

ஒலி பெயரைக் கேட்டுப் பிரிப்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சிஸ்ட் அளவிலான பாசியும், சிறியதாயினும் அடர்த்தி மிகுந்த மண்துகளும் சிஸ்டோடு சேர்ந்தே நடு வெளிவாய்க்கு வரும். இந்த முறை தருவது பாக்டீரியா குறைந்த ஒரு செறிவு. அதிலிருப்பது எந்த ஒட்டுண்ணி என்பதை எதிர்ப்பொருள் சாயமும் நுண்ணோக்கியுமே உறுதிப்படுத்தும்.

12. எண்ணுதல்

நடு வெளிவாய், பக்க வெளிவாய்கள் இரண்டையும் தனித்தனியாகச் சேகரித்து இரண்டையும் எண்ணுங்கள். நடுவில் கிடைத்ததை மட்டும் எண்ணி, உள்ளே போட்டதாக நினைக்கும் எண்ணிக்கையால் வகுப்பது பிழை. சிரிஞ்சில் படிந்தவையும் குழாயில் ஒட்டியவையும் கணக்கில் வராமல் போகும். உள்ளே சென்றதும் வெளியே வந்ததும் கூட்டிப் பார்க்கையில் பொருந்தாவிட்டால், முதலில் சிரிஞ்சின் அடியையும், அடுத்து குழாய் வளைவுகளையும் பாருங்கள்.

ஓட்டத்தைத் தொடங்கிய முதல் இரண்டு நிமிடங்களில் வருவதைச் சேகரிக்க வேண்டாம். குழாய்களில் தங்கியிருந்த பழைய திரவம் வெளியேறும் நேரம் அது. ஒவ்வொரு மாதிரிக்கும் ஒலியோடு மூன்று முறையும் ஒலியில்லாமல் ஒரு முறையும் ஓட்டி, இடையிடையே ட்வீன் கலந்த நீரால் கால்வாயைக் கழுவுங்கள். நாள் முடிவில் கால்வாயை நீரால் அலசி, எத்தனாலை நிரப்பி, உள்வாய்களை அடைத்து வையுங்கள். உப்புக்கரைசலை உள்ளே விட்டுச் சென்றால் மறுநாள் காலை படிகங்கள்தான் வரவேற்கும்.